கிளினிக் கொப்பியை அறிவு வரைபோடு இணைப்பது: "விறைக்குது" என்ற சொல் எங்கே போய்ச் சேரும்?

கேள்வி: பண்டாரவளையிலிருந்து ஒரு வாசகர், 2025 யூன் 8, முற்பகல் 10.15

வெளிநாட்டு ஆய்வுகூடம் ஒன்றும் எங்கள் பல்கலைக்கழகப் பிரிவும் சேர்ந்து, தோட்டப்புற நோயாளர் பதிவுகளை உயிர்மருத்துவ அறிவு வரைபு ஒன்றுடன் இணைக்கப் போகின்றன. நோய், மருந்து, மரபணு, அறிகுறி ஆகியவற்றுக்கு இடையிலான தொடர்புகள் எல்லாம் வரைபில் ஏற்கெனவே இருப்பதால், பதிவுகளை அதற்குள் ஊற்றினால் போதும், ஆறு மாதத்தில் முடிந்துவிடும் என்று கூட்டத்தில் சொன்னார்கள். தரவு உள்ளிடும் வேலைக்கு என்னைக் கேட்டிருக்கிறார்கள். ஆறு மாதம் சரியா? இதில் கடினமான பகுதி எது?

2025 யூன் 8, இரவு 9.40

ஆறு மாதத்தில் முடியாது. ஊற்றிவிட்டுப் போவதற்கு இது பால் சேகரிக்கும் நிலையமா?

நான் பன்னிரண்டு ஆண்டுகள் ஓர் ஆஸ்பத்திரியின் பதிவேட்டு அறையில் இருந்தவள். இப்போது நான்காவது ஆண்டாக இதே வகையான கூட்டாய்வு ஒன்றில், நோயாளர் குறிப்புகளை வரைபின் புள்ளிகளோடு பொருத்தும் வேலையைச் செய்கிறேன். அதனால் கேள்வியின் இரண்டாம் பகுதிக்கு நம்பிக்கையோடு பதில் சொல்ல முடியும். கிளினிக் கொப்பியில் எழுதப்பட்ட ஒரு சொல் வரைபில் எந்தப் புள்ளியாக மாற வேண்டும் என்று ஒருவர் உட்கார்ந்து முடிவு செய்கிறாரே, அந்த மேசைதான் கடினமான பகுதி. கணிப்பு நிரலை எழுதுபவர்கள் இதை ஒப்புக்கொள்வதற்கு இரண்டு ஆண்டுகள் எடுத்தார்கள்.

வரைபு என்றதும் பள்ளிக்கூடத்தில் வரைபுத்தாளில் கீறிய கோடு நினைவுக்கு வந்தால் அதை ஒதுக்கி வையுங்கள். இங்கே வரைபு என்பது புள்ளிகளும் அவற்றை இணைக்கும் கோடுகளும் மட்டுமே. மெட்ஃபோமின் ஒரு புள்ளி, இரண்டாம் வகை நீரிழிவு இன்னொரு புள்ளி, "சிகிச்சையாகப் பயன்படுகிறது" என்பது இரண்டுக்கும் நடுவிலுள்ள கோடு. 2017 இல் வெளியான ஹெட்டியோநெட் என்ற வரைபில் 11 வகையான 47,031 புள்ளிகளும் 24 வகையான 2,250,197 கோடுகளும் இருந்தன. 29 பொது மூலங்களில் சிதறிக் கிடந்தவற்றை அதில் ஒன்றாகத் தைத்திருந்தார்கள். அத்தனை இலட்சம் கோடுகளுக்குள் ஒரு நோயாளிகூட இல்லை. நோயாளி எப்படி உள்ளே வருகிறார் என்பதை நாளை எழுதுகிறேன். மழையில் மின்சாரம் வந்து வந்து போகிறது.

2025 யூன் 9, இரவு 8.05

நோயாளியை உள்ளே கொண்டுவரும் வழிகளில் எனக்கு மிகவும் தெளிவாகப் புரிந்தது, கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான் பிரான்சிஸ்கோ வளாகத்தில் ஸ்போக் என்ற வரைபை வைத்துச் செய்யப்பட்டு 2019 இல் வெளியான முறை. ஒருவருடைய மருத்துவப் பதிவில் இருக்கும் நோய்க் குறியீடு, மருந்து, ஆய்வுகூடப் பரிசோதனை ஆகியவற்றுக்கு ஒத்த புள்ளிகளை முதலில் வரைபில் கண்டுபிடிக்கிறார்கள். அவைதான் நுழைவாயில்கள். அங்கிருந்து கோடுகள் வழியாகச் செல்வாக்கைப் பரவவிட்டு, எந்தப் புள்ளியில் எவ்வளவு தேங்குகிறது என்று கணக்கெடுக்கிறார்கள். கூகுள் தேடல் தொடக்க காலத்தில் இணையப் பக்கங்களைத் தரப்படுத்திய பேஜ்ராங்க் கணக்கின் மாற்று வடிவம் அது.

தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு இதை விளக்குவது எளிது. காலையில் பெரட்டுக்களத்தில் இரண்டு பேரின் காதில் விழுந்த செய்தி, மத்தியானக் கொழுந்து நிறுக்கும் நேரத்துக்குள் லயம் லயமாகப் போய்விடும். அதிகம் பேர் வந்து போகிற வீட்டில் அது நாலு தடவை சொல்லப்படும், ஒதுக்குப்புறமான வீட்டுக்கு அரைகுறையாக வந்து சேரும். பதிவில் ஒருபோதும் எழுதப்படாத மரபணுவுக்கும் புரதத்துக்கும் கூட இவ்வாறு ஓர் எண் கிடைக்கிறது என்பதுதான் இந்த இணைப்பின் பயன். செய்தியை முதலில் பிழையாகக் கேட்டவர் யாராவது இருந்தால் என்ன ஆகும் என்பதும் உங்களுக்குத் தெரியும்.

2025 யூன் 10, பொசன் விடுமுறை, பிற்பகல் 2.30

நேற்று எழுதியதன் கடைசி வரியை விளக்கமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது என் வீட்டுக் கதை.

என் அம்மா தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் முப்பத்தொரு ஆண்டுகள் கொழுந்து எடுத்தவர். நீரிழிவுக்காக நீண்ட காலமாக மெட்ஃபோமின் குடிப்பவர். ஒரு கிளினிக் நாளில் "கை விறைக்குது" என்று சொன்னார். இளம் வைத்தியருக்குத் தமிழ் அவ்வளவாகத் தெரியாது, பக்கத்தில் நின்ற ஒருவர் சிங்களத்தில் மாற்றிச் சொன்னார், வைத்தியர் ஆங்கிலத்தில் எழுதினார். கொப்பியில் விழுந்த வரியின் பொருள் "விரல் மூட்டுகளில் இறுக்கம்" என்பதாகும். அடுத்த இரண்டு ஆண்டுகள், முந்திய பக்கத்தைப் பார்த்து எழுதும் வழக்கப்படி, அதே வரி பக்கத்துக்குப் பக்கம் பிரதியானது. வலி மாத்திரையும் பூசுவதற்கு ஒரு தைலமும் கிடைத்தன. பிறகு கண்டியில் காசு கொடுத்துக் குருதிப் பரிசோதனை செய்தபோது விற்றமின் பி12 மிகக் குறைவு என்று தெரிந்தது. மெட்ஃபோமின் குடிப்பவர்களுக்கு இந்தக் குறைபாடு வருவது பரவலான பக்கவிளைவு என்று பிரித்தானிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனம் 2022 இல் அறிவித்திருந்தது. மெட்ஃபோமின், பி12 குறைபாடு, புற நரம்புப் பாதிப்பு, கை மரத்தல் என்ற பாதையில் எந்தப் புதுக் கண்டுபிடிப்பும் இல்லை.

"விறைக்குது" என்பதற்கு எங்கள் பக்கத்தில் குறைந்தது மூன்று பொருள் உண்டு. உணர்வில்லாமல் மரத்துப் போவது ஒன்று. மடக்க முடியாமல் இறுகி நிற்பது இன்னொன்று. விடியற்காலைப் பனியில் மலையில் நிற்கும்போது குளிரில் விரல்கள் சொன்னபடி கேட்காமல் போவது மூன்றாவது. நோய்களைப் பன்னாட்டளவில் வகைப்படுத்தும் ஐ.சி.டி.-10 குறியீட்டில் முதலாவது ஆர்20.0 அல்லது ஆர்20.2 ஆகும், இரண்டாவது எம்25.6 ஆகும்; மூன்றாவது பெரும்பாலும் நோயே இல்லை, விரல் வெளுத்து நிறம் மாறினால் மட்டும் ரேனோ நோய், ஐ73.0. முதலாவதிலிருந்து செல்வாக்கு நரம்பு, விற்றமின், நீரிழிவு என்று பரவும். இரண்டாவதிலிருந்து மூட்டுவாதத்தின் பக்கம் ஓடும். எம்25.6 என்று நுழைந்த என் அம்மாவை, உலகத்தின் மிகப் பெரிய வரைபும் மூட்டுவாத நோயாளியாகவே காட்டியிருக்கும்; அதுவும் ஒரு மனிதர் எழுதிய வரியைவிட அதிக நம்பிக்கையோடு, மூன்று தசம தானம் வரை எண் போட்டு.

2025 யூன் 10, இரவு 10.20

கொழுந்து எடுப்பவர்களுக்கு மணிக்கட்டு நரம்பு அழுத்தப்படுவதும் உண்டே, அதுதான் காரணமாக இருக்கலாமே என்று ஒரு தாதியர் எனக்குத் தனியாக எழுதியிருக்கிறார். உண்மைதான். ஜி56.0 என்ற அந்தக் குறியீட்டை நான் மறந்தே போனேன். அம்மாவுக்குக் காலும் மரத்திருந்தது; பி12 ஊசி போட்ட பிறகு அது நின்றது, வலது கையில் இன்னும் கொஞ்சம் இருக்கிறது. ஆகவே இரண்டும் சேர்ந்திருக்கக்கூடும். மகளாக நான் ஒரே காரணத்தைப் பிடித்துக்கொண்டேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

2025 யூன் 11, காலை 6.10

குளிரில் விறைக்கும் விரலைப் பற்றி எழுதியபோது இன்னொன்று நினைவுக்கு வந்தது. இந்தத் துறையின் தொடக்கக் கதையே விறைத்த விரல்தான். சிக்காகோப் பல்கலைக்கழகத்தில் தகவலியல் அறிஞராக இருந்த டொன் சுவான்சன், 1986 இல், ரேனோ நோயைப் பற்றிய கட்டுரைகளையும் மீன் எண்ணெயைப் பற்றிய கட்டுரைகளையும் பக்கத்துப் பக்கமாக வைத்துப் பார்த்தார். ஒரு கூட்டம் அந்த நோயில் குருதியின் பிசுக்குமை கூடுகிறது, குருதிச் சிறுதட்டுகள் ஒட்டிக்கொள்கின்றன என்று எழுதியிருந்தது. மற்றக் கூட்டம் மீன் எண்ணெய் அதே இரண்டையும் குறைக்கிறது என்று எழுதியிருந்தது. ஆனால் இரண்டு கூட்டமும் ஒன்றையொன்று மேற்கோள் காட்டவில்லை. நடுவிலிருந்த கோட்டை அவர் நூலகத்தில் உட்கார்ந்தே இழுத்தார். 1989 இல் ஒரு சிறிய மருத்துவச் சோதனை, முதன்மை ரேனோ நோயாளிகள் சிலருக்கு மீன் எண்ணெயால் குளிரைத் தாங்கும் திறன் கூடியதைக் காட்டியது.

அவருக்கு இரண்டு பக்கமும் அச்சிட்ட ஆங்கிலத்தில் இருந்தன. நமக்கு ஒரு பக்கம் அச்சில் இருக்கிறது, மறுபக்கம் நெற்றியில் கொழுந்துக்கூடைக் கயிற்றின் தழும்போடு கிளினிக் வாங்கில் உட்கார்ந்திருக்கிறது.

2025 யூன் 14, இரவு 9.00

தம்பி, நீங்கள் கேட்ட அடுத்த கேள்வி ஒரே ஆளை எப்படி அடையாளம் காண்பது என்பது. தோட்ட டிஸ்பென்சரிப் பதிவு, பிரதேச ஆஸ்பத்திரிப் பதிவு, கண்டிக்கு அனுப்பிய துண்டு ஆகிய மூன்றிலும் இருப்பவர் ஒருவர்தானா என்று தெரியாவிட்டால், மெட்ஃபோமின் ஒருவருக்கும் பி12 குறைபாடு இன்னொருவருக்குமாகப் போய்விடும்.

பெயரை நம்ப முடியாது. லெச்சுமி, லெட்சுமி, இலட்சுமி என்று தமிழிலேயே மூன்று. அதைச் சிங்களத்தில் எழுதி, அங்கிருந்து ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தால் எத்தனை என்று நான் எண்ணுவதை விட்டுவிட்டேன். ஒலி ஒற்றுமையைப் பார்க்கும் சவுண்டெக்ஸ் என்ற பழைய முறை ஆங்கிலப் பெயர்களுக்காகச் செய்யப்பட்டது. அது வழக்கமான ஆங்கில எழுத்துக்கூட்டலில் லெட்சுமிக்கு எல்325 என்றும் இலட்சுமிக்கு எல்250 என்றும் குறியீடு போட்டு, ஒரே அம்மாவை இரண்டு பேராக்கியது. முதலெழுத்து கலியாணத்துக்கு முன் அப்பாவுடையது, பின் கணவனுடையது. பிறந்த திகதியும் அப்படித்தான்: பிறப்புச் சான்றிதழ் இல்லாத வயதானவர்களுக்கு யாரோ எப்போதோ சனவரி முதலாம் திகதி என்று போட்டுவிட்டதால், எங்கள் கோப்பில் புத்தாண்டுக் குழந்தைகள் நம்ப முடியாத அளவுக்கு இருந்தார்கள்.

அதனால் தேசிய அடையாள அட்டை இலக்கத்தைத்தான் பிடிக்க வேண்டும். பழைய அட்டையில் ஒன்பது இலக்கமும் ஓர் எழுத்தும், 2016 முதல் வந்த அட்டையில் பன்னிரண்டு இலக்கம். ஆண்டை நான்கு இலக்கமாக்கி, நாள் எண்ணுக்குப் பின் ஒரு பூச்சியத்தைச் சேர்த்தால் பழையது புதியதோடு பொருந்தும். பிறகு அந்த இலக்கத்தை ஹாஷ் செய்து, அதாவது திருப்பி எடுக்க முடியாத ஒரு சரமாக மாற்றிவிட்டு, அசல் இலக்கத்தை அழித்துவிட்டால் போதும்.

2025 யூன் 15, காலை 7.25

நேற்றைய கடைசி வாக்கியம் பிழை, தயவுசெய்து அதைப் பின்பற்ற வேண்டாம். திருப்பி எடுக்க முடியாது என்பது உண்மையாக இருந்தாலும், ஒன்பது இலக்கத்தில் இருக்கக்கூடிய எண்கள் மொத்தமே நூறு கோடிதான். அத்தனையையும் வரிசையாக ஹாஷ் செய்து பட்டியல் போட்டுக்கொள்வது சாதாரண மடிக்கணினிக்கு ஒரு தேநீர் இடைவேளை வேலை. அதன் பிறகு எந்தச் சரம் யாருடையது என்று பார்த்துக்கொள்ளலாம். போதாததற்கு அந்த இலக்கத்துக்குள்ளேயே பிறந்த ஆண்டும், ஆண்டின் எத்தனையாம் நாள் என்பதும், பெண்ணானால் அதோடு கூட்டிய 500 உம் இருக்கின்றன. ஆய்வாளர் கையில் இல்லாத ஓர் இரகசியச் சாவியைச் சேர்த்து ஹாஷ் செய்ய வேண்டும். அந்தச் சாவி ஆஸ்பத்திரித் தரப்பில் பூட்டியிருக்க வேண்டும்.

இதை முதல் ஆண்டில் நாங்களும் சாவியில்லாமல்தான் செய்தோம். கோப்பு வெளியே போகும் முன் ஒரு மாணவி கண்டுபிடித்தார்.

2025 யூன் 15, இரவு 8.50

சிரிக்க ஒன்று. நோயாளர் சொன்னதைத் தமிழிலேயே எழுதி, பிறகு மொழிபெயர்ப்புக் கருவியில் போட்டுக் குறியீடாக்கலாம் என்று ஒருவர் யோசனை சொன்னார். சோதித்துப் பார்த்தோம். "தலையிடி" தலையில் விழுந்த இடியாக மாறியது. ஐ.சி.டி.-10 இல் மின்னல் தாக்கத்துக்கு டி75.0 என்று உண்மையாகவே ஒரு குறியீடு இருப்பதால், நிரலும் மகிழ்ச்சியோடு அதைப் போட்டுவிட்டது. ஆர்51 போட வேண்டிய இடத்தில், ஒரே வாரத்தில் ஒரே லயத்தில் நான்கு பேர் மின்னல் தாக்கி நடந்தே கிளினிக்குக்கு வந்து பனடோல் வாங்கிக்கொண்டு வீடு திரும்பியிருந்தார்கள்.

2025 யூன் 22, பிற்பகல் 4.15

இல்லாத பதிவைப் பற்றி எழுத வேண்டும். இதை நான் மிகவும் தாமதமாகப் புரிந்துகொண்டேன்.

அதே ஸ்போக் வரைபையும் மருத்துவப் பதிவுகளையும் சேர்த்து அல்சைமர் நோயை முன்கூட்டியே கணிக்கும் ஆய்வொன்று 2024 இல் வெளியானது. நோய் தெரியவருவதற்கு ஏழு ஆண்டுகள் வரை முன்பே பதிவுகளில் அறிகுறிகள் இருக்கின்றன என்றும், குருதிக் கொழுப்பு மிகுதி முக்கியமானதென்றும், பெண்களில் எலும்புத் தேய்வு (எலும்பின் அடர்த்தி குறைவது) ஒரு முன்னறிவிப்பாக நிற்கிறதென்றும், அந்த எலும்புத் தேய்வுக்கும் அல்சைமருக்கும் நடுவே எம்.எஸ்.4.ஏ.6.ஏ. என்ற மரபணு இருக்கலாமென்றும் வரைபின் கோடுகள் வழியாக விளக்கினார்கள். அழகான வேலை. நோயாளர் பதிவு "என்ன" என்பதைச் சொல்கிறது, வரைபு "எதனால் இருக்கலாம்" என்பதைச் சொல்கிறது.

இதை எங்கள் கோப்பில் ஓட்டிப் பார்க்கலாம் என்று பேச்சு வந்தது. எலும்புத் தேய்வு என்று எங்கள் கோப்பில் எத்தனை பெண்கள் என்று பார்த்தேன், விரல்விட்டு எண்ணிவிடலாம். நாற்பது ஆண்டுகள் கூடையைச் சுமந்து கூன் விழுந்த எங்கள் பெரியம்மாமாருக்கு எலும்பு அவ்வளவு உறுதியா? அவர்களில் யாரையும் எலும்பு அடர்த்தி அளக்கும் இயந்திரத்துக்குக் கீழே படுக்க வைத்ததில்லை, அவ்வளவுதான். அளக்காததால் எழுதவில்லை, எழுதாததால் புள்ளி எரியவில்லை. வரைபில் கோடு இல்லை என்றால் "தெரியாது" என்று பொருள் கொள்ள வேண்டும் என்பது அந்தத் துறையினருக்கு அரிச்சுவடி. ஆனால் அதே ஆட்கள் நோயாளர் அட்டவணையில் வெற்றுக் கட்டத்தைக் கண்டதும் பூச்சியம் என்று நிரப்பிவிட்டு அடுத்த வரிக்குப் போகிறார்கள். அப்படி நிரப்பிய கோப்பில் பயின்ற நிரல், கொழும்பில் பி12 குறைபாடு நிறைய இருக்கிறது, மலையகத்தில் இல்லவே இல்லை என்று கற்றுக்கொள்ளும்.

எங்கள் குழுவில் இப்போது ஒவ்வொரு பரிசோதனைக்கும் மூன்று நிலை வைத்திருக்கிறோம்: பரிசோதித்ததில் நோய் இருக்கிறது, பரிசோதித்ததில் நோய் இல்லை, பரிசோதிக்கவே இல்லை. மூன்றாவதை நிரப்புவதற்கு எந்த ஆஸ்பத்திரியில் எந்த ஆண்டு எந்தப் பரிசோதனை கிடைத்தது என்ற பட்டியல் வேண்டும். அதை எந்தத் தரவுத்தளத்திலும் காண முடியாது. ஓய்வுபெற்ற ஆய்வுகூட ஊழியர்களை வீடு வீடாகப் போய்க் கேட்டு எழுதினோம்.

2025 யூன் 24, இரவு 11.05

இன்னொரு பிடரியடி. எங்கள் முதல் நிரல் நீரிழிவை வியக்கத்தக்க துல்லியத்தோடு கணித்தது; கேக்கும் வெட்டினோம். பிறகு பார்த்தால், பதிவில் மெட்ஃபோமின் இருந்தது, வரைபில் மெட்ஃபோமினுக்கும் நீரிழிவுக்கும் நேர்க்கோடு இருந்தது. மருந்துச் சீட்டைப் படித்துவிட்டு நோயைச் சொல்வதற்கு மருந்துக்கடைப் பையன் போதும். நோய் கண்டறியப்பட்ட திகதிக்கு முன் எழுதப்பட்டவை மட்டும் என்று வெட்டிய பிறகு துல்லியம் சாதாரண நிலைக்கு இறங்கியது. உங்கள் கூட்டத்தில் எழுந்து "இது எப்போது எழுதப்பட்டது" என்று கேளுங்கள், தம்பி. மற்றதெல்லாம் தானாக வெளியே வரும்.

2025 யூன் 29, பிற்பகல் 3.40

பதிவுகள் எங்கே இருக்க வேண்டும் என்று ஒருவர் கேட்டிருந்தார். ஹெட்டியோநெட் போன்ற வரைபை யாரும் இறக்கிக்கொள்ளலாம், ஒரு பென்டிரைவில் அடங்கும். நோயாளர் பதிவு அப்படி இல்லை. 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் சுகாதாரத் தரவைச் சிறப்பு வகையில் வைத்திருக்கிறது. ஆகவே பதிவுகளைக் கடுகண்ணாவை மலைப்பாதையில் இறக்கிக் கொழும்புக்கும் அங்கிருந்து கடல் கடந்தும் அனுப்புவதற்குப் பதிலாக, வரைபையும் நிரலையும் மேலே ஏற்றி, ஆஸ்பத்திரிக்குள்ளேயே ஓட்டி, கூட்டு எண்களை மட்டும் வெளியே விடலாம். ஓ.எச்.டி.எஸ்.ஐ. என்ற பன்னாட்டுக் கூட்டமைப்பினர் தங்கள் பொதுத் தரவு மாதிரியை வைத்து இப்படித்தான் செய்கிறார்கள்: தரவு வீட்டிலிருக்கிறது, கேள்வி பயணம் போகிறது.

கூட்டு எண்ணிலும் கவனம் வேண்டும். அமெரிக்க மக்களில் 87 வீதமானோரை அஞ்சல் எண், பிறந்த திகதி, பால் ஆகிய மூன்றை வைத்தே தனித்துக் காட்டலாம் என்று கணினி அறிவியலாளர் லதான்யா ஸ்வீனி 2000 இல் கணக்கிட்டார். எங்களுக்கு மூன்றும் தேவையில்லை. ஒரு தோட்டத்தின் மேற்பிரிவில் பரம்பரைக் குருதி நோயான தலசீமியா உள்ள ஒரு பிள்ளை என்று அட்டவணையில் "1" விழுந்தால், அந்தப் பிள்ளை யார் என்று பிள்ளைமடுவத்து ஆயாவிலிருந்து கணக்கப்பிள்ளை வரை எல்லாருக்கும் தெரியும், நாளைக்கு அக்காவுக்குக் கலியாணம் பேச வருகிறவர்களுக்கும் தெரியும். நாங்கள் பிரிவின் பெயரையும் தோட்டத்தின் பெயரையும் நீக்கிவிட்டு, ஐந்துக்குக் குறைந்த எந்த எண்ணையும் மறைக்கிறோம். ஆய்வுகூடத்துக்காரர்கள் நுணுக்கம் போய்விட்டதே என்று வருந்தினார்கள். போகட்டும்.

2025 யூலை 6, இரவு 9.15

உங்கள் சொற்பட்டியல் வந்து சேர்ந்தது, தம்பி. அறுபத்திரண்டு சொற்களையும் நோயாளர் வாயிலிருந்து வந்தபடியே எழுதியிருப்பதற்கு நன்றி. சம்பளம் பேசும்போது இந்தப் பட்டியலையும் கொண்டுபோங்கள்.

"விறைக்குது" என்பதற்கு நீங்கள் ஒரே புள்ளியைப் போட்டிருக்கிறீர்கள். நான் அதை எடுத்துவிட்டு, கேட்க வேண்டிய இரண்டு கேள்விகளை எழுதியிருக்கிறேன்: ஊசியால் குத்தினால் தெரிகிறதா, கையை மூட முடிகிறதா. "மேல் வலி" என்பதை உடம்பின் மேற்பாகம் என்று எடுத்திருக்கிறீர்கள், அது உடம்பு முழுவதும். "வாய்வு" எட்டு இடத்தில் எட்டு விதமாக வருகிறது. நெஞ்சுப் பக்கம் என்று சொன்னவர்களை மட்டும் தனியாகப் பிரித்து வைத்தியரிடம் காட்டுங்கள், அதை வயிற்றோடு சேர்க்க வேண்டாம்.

"காந்துது" என்பதை வெறுமையாக விட்டிருக்கிறேன். உள்ளங்காலில் காந்துவதும் கண்ணில் காந்துவதும் சிறுநீர் போகும்போது காந்துவதும் எனக்குத் தெரியும்; நீங்கள் குறித்திருக்கும் "நடு முதுகு காந்துது" என்பதை நான் கேட்டதில்லை. சனிக்கிழமை தலவாக்கலைக்குப் போகிறேன், அம்மாவிடம் கேட்டுவிட்டு எழுதுகிறேன்.